ஈ. கோலைக்குள் பிளாஸ்மிட்டை அனுப்புவது எப்படி? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் புராஜெக்ட்டுக்குச் சேரும் மாணவருக்குக் கொடுக்கப்படும் முதல் வேலைகளில் ஒன்று டிரான்ஸ்ஃபர்மேஷன். அதாவது, வெளியிலிருந்து ஒரு டிஎன்ஏவைப் பாக்டீரியா உள்ளே எடுத்துக்கொள்ளச் செய்வது. சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பக்கத் தாளைக் காட்டி "இதைப் பார்த்துச் செய்ங்க" என்று சீனியர் போய்விடுவார். தாளில் ஐஸ் 30 நிமிடம், 42 டிகிரி, 45 விநாடி, மறுபடி ஐஸ் என்று எண்கள் இருக்கும். ஏன் என்பது இருக்காது. எண்களை அப்படியே பின்பற்றினால் பெரும்பாலும் தட்டில் காலனி (ஒரே செல்லிலிருந்து பெருகிய பாக்டீரியாத் திட்டு) வந்துவிடும். வராத நாளில்தான் காரணம் தெரியாதது உறைக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் செய்முறையோடு காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் குரோமோசோமில் சேராமல் தனியாகப் பெருகும் வளைய டிஎன்ஏ. பியுசி19 என்பது 2,686 கார இணைகள் கொண்ட சிறிய பிளாஸ்மிட். அதில் 0.1 நானோகிராம் எடுத்தால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி மூலக்கூறுகள் இருக்கும். அதை நூறு கோடிக்கும் மேற்பட்ட ஈ. கோலை பாக்டீரியா செல்கள் உள்ள 100 மைக்ரோ லிட்டரில் கலக்கிறீர்கள். செல்கள் நல்ல முறையில் தயாரானவை என்றால் கடைசியில் கிடைப்பது ஆயிரத்தைநூறு காலனி போல இருக்கும். மூன்றரைக் கோடி மூலக்கூறுகள், நூறு கோடி செல்கள், ஆயிரத்தைநூறு வெற்றி. அவ்வளவுதான், அதுவும் நல்ல நாளில்.

நீங்கள் செய்யப்போகும் வேலை முழுவதும் இந்த அபூர்வமான சில செல்களை உருவாக்குவது, சாகவிடாமல் வைத்திருப்பது, பெருங்கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பது ஆகிய மூன்றுதான். ஐஸ் எதற்கு, ஒரு மணி நேரம் எதற்கு, ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எதற்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதற்குள் இருக்கிறது.

இயற்கையில் இது எப்படி நடக்கிறது

1928இல் லண்டனில் ஃபிரெடரிக் கிரிஃபித் நிமோனியா பாக்டீரியாவை எலிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் மரபியல் செய்யக் கிளம்பியவர் அல்லர். பொதுச் சுகாதாரத் துறையின் நோய் ஆய்வாளர். வழவழப்பான உறை உள்ள வகை எலியைக் கொல்லும், உறை இல்லாத சொரசொரப்பான வகை கொல்லாது. உறை உள்ளதைச் சூட்டில் கொன்று, உயிருள்ள உறையற்ற வகையோடு கலந்து ஊசி போட்டார். எலிகள் செத்தன. அவற்றின் இரத்தத்தில் உயிருள்ள, உறை உள்ள பாக்டீரியாக்கள் இருந்தன. செத்த பாக்டீரியாவிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குப் போயிருக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' டிஎன்ஏதான் என்று 1944இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தாலும் அந்த மாற்றம் நடந்தது, ஆர்என்ஏவைச் சிதைத்தாலும் நடந்தது. டிஎன்ஏவைச் சிதைத்ததும் நின்றுபோனது. கிரிஃபித் இதைப் பார்க்கவில்லை. 1941இல் லண்டன் மீது நடந்த விமானத் தாக்குதலில் இறந்துவிட்டார்.

நிமோனியா பாக்டீரியாவிடம் இதற்கென்றே ஒரு இயந்திர அமைப்பு இருக்கிறது. செல்கள் 17 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பெப்டைடை வெளியே விடும். கூட்டம் கூடி அது போதிய அளவு சேர்ந்ததும் டிஎன்ஏவை உள்ளிழுக்கும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். மேற்பரப்பில் நீளும் மெல்லிய இழை டிஎன்ஏவைப் பிடித்துச் செல்லை நோக்கி இழுக்கும். இரட்டை இழையில் ஒன்று வாசலிலேயே சிதைக்கப்பட்டு, மற்றது மட்டும் உள்ளே போகும். உள்ளே போன ஒற்றை இழை, தனக்கு ஒத்த பகுதியைக் குரோமோசோமில் கண்டுபிடித்து அங்கே பொருந்திக்கொள்ளும். அதற்கு ரெக்ஏ என்ற புரதம் வேண்டும்.

எல்லாப் பாக்டீரியாவும் எந்த டிஎன்ஏவையும் எடுத்துக்கொள்வதில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா ஒன்பது எழுத்துள்ள ஒரு குறிப்பிட்ட வரிசை இருக்கும் டிஎன்ஏவையே விரும்பி எடுக்கும். அந்த வரிசை அதன் சொந்தக் குரோமோசோமில் நிறைய இருப்பதால், பெரும்பாலும் உறவுக்காரர்களின் டிஎன்ஏதான் உள்ளே போகிறது. கொனோரியாவை உண்டாக்கும் நைசீரியாவுக்குப் பத்து எழுத்து. காலரா பாக்டீரியா இன்னும் சுவாரசியமானது. நண்டு, இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின் மீது வளரும்போதுதான் அதற்கு இந்தத் திறன் வரும்.

சரி, ஈ. கோலை? சாதாரண ஆய்வகச் சூழலில் அது இப்படி எடுத்துக்கொள்வதில்லை. நாம்தான் வற்புறுத்த வேண்டும். 1970இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் மாண்டெலும் அகிகோ ஹிகாவும், கால்சியம் குளோரைடில் குளிர வைத்த ஈ. கோலை வைரஸின் வெறும் டிஎன்ஏவை எடுத்துக்கொள்கிறது என்று காட்டினார்கள். 1972இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டான்லி கோஹன், ஆனி சாங், லெஸ்லி சூ ஆகியோர் அதே வழியில் பிளாஸ்மிட்டை உள்ளே அனுப்பினார்கள். மரபணுப் பொறியியல் என்று இன்று சொல்லப்படும் எல்லாமே இந்த உப்புக் கரைசல் வழியாகத்தான் வந்தது என்றால் மிகையில்லை.

கால்சியம் என்ன செய்கிறது? டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்சுமை. ஈ. கோலையின் வெளிச்சவ்வும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் அயனி நடுவில் நின்று இரண்டையும் ஒட்ட வைக்கிறது. குளிரில் சவ்வு இறுகியிருக்கிறது. திடீரென்று 42 டிகிரிக்குப் போகும்போது சவ்வின் ஒழுங்கு குலைந்து டிஎன்ஏ நழுவி உள்ளே போகிறது. இந்தக் கடைசிக் கட்டம் துல்லியமாக எப்படி நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. ஆனால் வேலைக்கு வேண்டிய பாடம் தெளிவானது. குளிர் முழுதாக இருக்க வேண்டும், சூடு சட்டென்று வர வேண்டும்.

இயற்கை முறைக்கும் இதற்கும் நடைமுறையில் முக்கியமான வேறுபாடு ஒன்று. இங்கே பிளாஸ்மிட் வளையமாக, இரட்டை இழையாகவே உள்ளே போய், குரோமோசோமில் சேராமல் தனியாகப் பெருகுகிறது. வளையமாக இல்லாமல் நேர்கோடாக வெட்டுப்பட்ட டிஎன்ஏ உள்ளே போனால் செல்லின் நொதிகள் அதை முனையிலிருந்து தின்றுவிடும். அதனால்தான் வெட்டாத பிளாஸ்மிட் ஆயிரக்கணக்கில் காலனி தரும்போது, உங்கள் லைகேஷன் கலவை (வெட்டிய பிளாஸ்மிட்டில் வேறு டிஎன்ஏ துண்டை நொதியால் ஒட்டிய கலவை) ஐம்பதோ நூறோ மட்டும் தருகிறது. பயப்பட வேண்டாம், அது இயல்பு.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

செல் வகை: டிஎச்5 ஆல்ஃபா போதும். இது கே-12 வழி வந்தது. கே-12 என்பது 1922இல் ஸ்டான்ஃபோர்டில் டிஃப்தீரியாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுக்கப்பட்ட வகை. தலைமுறை தலைமுறையாக ஆய்வகத்தில் வளர்ந்து நோய் உண்டாக்கும் தன்மை இல்லாதது. டிஎச்5 ஆல்ஃபாவில் ரெக்ஏ வேலை செய்யாது, எனவே நீங்கள் போட்ட பிளாஸ்மிட் வெட்டி ஒட்டப்பட்டு உருமாறாது. டிஎன்ஏவைச் சிதைக்கும் ஒரு நொதியும் செயலிழக்கச் செய்யப்பட்டிருப்பதால், பிறகு பிளாஸ்மிட் பிரித்தெடுக்கும்போது சுத்தமாகக் கிடைக்கும். புரதம் வேண்டுமென்றால் அதற்குரிய வேறு வகைக்குப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம்.

எல்பி ஊடகம்: ஒரு லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 10 கிராம். தட்டுக்கு என்றால் அகார் 15 கிராம் சேர்க்க வேண்டும். 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ்.

கால்சியம் குளோரைடு, 100 மில்லிமோலார்: இங்கே பாட்டில் லேபிளைப் படியுங்கள். இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த டைஹைட்ரேட் என்றால் 100 மில்லி லிட்டருக்கு 1.47 கிராம். நீரற்றது என்றால் 1.11 கிராம். லேபிளைப் பார்க்காமல் எடை போட்டுவிட்டு, பிறகு செல்லைக் குறை சொல்பவர்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. 15 சதவீதக் கிளிசரால் கலந்த இன்னொரு பாட்டிலும் தயார் செய்யுங்கள். இரண்டையும் முந்தின நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கண்ணாடிப் பாத்திரத்தில் சோப்பு எச்சம் இருக்கக் கூடாது. சோப்பு என்பது சவ்வைக் கரைக்கும் பொருள்; நீங்கள் சவ்வைப் பதமாக வைத்துக்கொள்ள முயலும் நேரத்தில் அது எதிரி. வடிநீரில் பல முறை அலசிய, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய ஃபிளாஸ்க் இருந்தால் நல்லது.

ஆம்பிசிலின் தட்டு: மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற செறிவில் நீரில் கரைத்து, வடிகட்டி, மைனஸ் 20இல் வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் அகாருக்கு ஒரு மில்லி லிட்டர் போதும். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த அகாரில் உடனே ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் ஆம்பிசிலின் கெட்டுவிடும். 50, 55 டிகிரிக்கு ஆற வேண்டும். பாட்டிலைக் கையில் தாங்கிப் பிடிக்க முடிகிற பதம் அது. தட்டு ஒன்றுக்கு 20 மில்லி லிட்டர் ஊற்றி, இறுகியபின் தலைகீழாக ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தத் தூளை எடை போடும் வேலையை வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.

காம்பிட்டன்ட் செல் தயாரிப்பது

காம்பிட்டன்ட் செல் என்றால் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும் பதத்துக்கு வந்த செல். ஃபிரீசரில் சேமித்து வைத்த ஸ்டாக்கிலிருந்து மருந்து இல்லாத எல்பி தட்டில் கோடு இழுத்து ஒரு இரவு வளர விடுங்கள். மறுநாள் மாலை தனியாக நிற்கும் ஒரு காலனியை 5 மில்லி லிட்டர் எல்பியில் போட்டு, 37 டிகிரியில், 200 ஆர்பிஎம் ஷேக்கரில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் அதிலிருந்து ஒரு மில்லி லிட்டரை 100 மில்லி லிட்டர் புதிய எல்பியில் மாற்றுங்கள். ஃபிளாஸ்க் குறைந்தது 500 மில்லி லிட்டர் கொள்ளளவு உள்ளதாக இருக்கட்டும், காற்று வேண்டும்.

இனிமேல் கடிகாரத்தை நம்பாதீர்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து 0.3 முதல் 0.4 வருகிறதா என்று பாருங்கள். டிஎச்5 ஆல்ஃபா கொஞ்சம் மெதுவாக வளரும் வகை, இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆனாலும் ஒன்றேகால் மணி நேரத்திலிருந்தே அவ்வப்போது அளக்கத் தொடங்குங்கள். கலங்கல் இரட்டிப்பாவது அரை மணி நேரத்தில் நடக்கும் காரியம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் 0.35 என்பது 0.7 ஆகியிருக்கும். வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்தான் டிஎன்ஏவை நன்றாக எடுக்கும். 0.7இல் எடுத்த செல்லும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வீழ்படிவு இன்னும் பெரிதாகவே இருக்கும். ஆனால் காலனி எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருக்கும். தாண்டிவிட்டால் மறுபடி ஒரு மில்லி லிட்டரிலிருந்து தொடங்குவதே லாபம்.

அளவு வந்ததும் ஃபிளாஸ்க்கை ஐஸ் நிறைந்த தொட்டியில் புதைத்துச் சுழற்றிவிடுங்கள். 15 நிமிடம். இதற்குள் சென்ட்ரிஃபியூஜ் 4 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். ரோட்டாரும் டியூப்களும் பிப்பெட் டிப்களும்கூடக் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த நொடியிலிருந்து மைனஸ் 80க்குள் போகும்வரை செல்கள் எதுவும் அறை வெப்பத்தைத் தொடக் கூடாது. நம் ஊரில் மே மாதத்தில் ஏசி இல்லாத ஆய்வகத்தின் மேசையே 35 டிகிரி. வெளிநாட்டு செய்முறைகளில் 'அறை வெப்பத்தில் சற்று வைக்கவும்' என்று இருந்தால் அது 22 டிகிரியை மனதில் வைத்து எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

3000 ஜியில் 10 நிமிடம் சுழற்றி, மேலே நிற்கும் ஊடகத்தை முழுதாகக் கொட்டுங்கள். கீழே படிந்த செல்லில் குளிர்ந்த கால்சியம் குளோரைடு 30 மில்லி லிட்டர் ஊற்றி, டியூப்பை ஐஸில் வைத்தபடியே மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள். வோர்டெக்ஸ் வேண்டவே வேண்டாம். பிப்பெட்டால் உறிஞ்சி உறிஞ்சி விடுவதும் வேண்டாம். கால்சியத்தில் இருக்கும் செல் மிகவும் மென்மையானது. கரைய ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும். பிறகு அரை மணி நேரம் ஐஸில்.

மறுபடி சுழற்றுங்கள். இந்த முறை வீழ்படிவு டியூப்பின் அடியில் பொட்டுப்போல இறுகாமல் பக்கவாட்டில் பரவலாக, சற்று உப்பலாக ஒட்டியிருந்தால் நல்ல அறிகுறி. கிளிசரால் கலந்த கால்சியம் குளோரைடு 2 மில்லி லிட்டரில் கரைத்து, முன்பே குளிர வைத்த டியூப்களில் 100 மைக்ரோ லிட்டராகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள். தேதியும் செல் பெயரும் பென்சிலாலோ அழியாத மையாலோ டியூப்பிலேயே எழுதுங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும்.

மைனஸ் 80 இல்லாத கல்லூரிகளுக்கு ஒரு நல்ல செய்தி. கிளிசரால் இல்லாத கால்சியம் குளோரைடிலேயே செல்களை 4 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்தால் திறன் குறையாது, நான்கைந்து மடங்கு கூடும். 1979இல் டாகெர்ட், ஏர்லிச் இருவரும் வெளியிட்ட முடிவு இது. 24 மணி நேரம் தாண்டினால் இறங்கத் தொடங்கும். எனவே ஒரு நாள் மாலை செல் தயாரித்து மறுநாள் காலை பயன்படுத்துவது, ஃபிரீசர் இல்லாத வகுப்பறைக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

டிரான்ஸ்ஃபர்மேஷன் நாள்

வாட்டர் பாத்தை முதலில் போடுங்கள். அதன் திரையில் 42 என்று காட்டினால் நம்ப வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். 40க்கும் 44க்கும் விளைவு வேறு. தட்டுகளை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இன்குபேட்டரில் காய வையுங்கள், ஈரம் இருந்தால் காலனிகள் ஒன்றோடொன்று கரைந்து ஓடும்.

செல் டியூப்பை ஐஸில் வைத்து உருக விடுங்கள், 10 நிமிடம் ஆகும். அவசரத்துக்கு உள்ளங்கையில் பிடித்து உருக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் முந்தின நாள் உழைப்பின் பெரும்பகுதி போய்விடும். டியூப்பை எப்போதும் மூடிப் பக்கத்தில் பிடியுங்கள். உருகிய செல்லில் மிச்சம் இருந்தால் திரும்ப உறைய வைத்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

டிஎன்ஏ ஒன்று முதல் ஐந்து மைக்ரோ லிட்டர் போதும். வெட்டாத பிளாஸ்மிட் என்றால் ஒரு நானோகிராமே தாராளம். நிறையப் போட்டால் நிறைய வரும் என்பது ஓர் அளவு வரைதான் உண்மை. லைகேஷன் கலவை என்றால் செல் அளவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது; அதில் உள்ள உப்பும் நொதியும் இடைஞ்சல் செய்யும். விரலால் டியூப்பை மெல்லத் தட்டிக் கலந்து, 30 நிமிடம் ஐஸில் விடுங்கள். டிஎன்ஏ செல்லின் மேற்பரப்பில் ஒட்டுவதற்கான நேரம் இது.

பிறகு 42 டிகிரியில் 45 விநாடி. டியூப்பில் கரைசல் இருக்கும் மட்டம் வரை நீரில் மூழ்கியிருக்க வேண்டும், ஆட்டக் கூடாது. பழைய செய்முறைகளில் 90 விநாடி என்று பார்ப்பீர்கள். அது தடித்த சுவருள்ள பெரிய டியூப்களுக்கு. மெல்லிய 1.5 மில்லி லிட்டர் டியூப்பில் சூடு சீக்கிரம் ஏறும், 90 விநாடி விட்டால் செல் சாகும். நேராக ஐஸுக்கு, இரண்டு நிமிடம். வாட்டர் பாத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ் பெட்டி இருக்கட்டும்.

அடுத்து 900 மைக்ரோ லிட்டர் எஸ்ஓசி என்ற சத்து மிகுந்த ஊடகம், இல்லாவிட்டால் எல்பி, சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட விடுங்கள். இந்த ஒரு மணி நேரம் செல் மூச்சு வாங்கவும், பிளாஸ்மிட்டில் இருக்கும், மருந்தைத் தாங்க உதவும் எதிர்ப்பு மரபணுவிலிருந்து புரதம் செய்துகொள்ளவும்தான். ஆம்பிசிலின் செல் சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்து. பிரியத் தொடங்காத செல்லை அது உடனே கொல்லாது. அதனால் அவசரமென்றால் நேரத்தைக் குறைத்தாலும் ஓரளவு காலனி வரும். கானாமைசின் அப்படியல்ல. அது புரதம் செய்வதையே தடுக்கிறது. எதிர்ப்புப் புரதம் தயாராகும் முன்னே மருந்தில் விழுந்த செல் பிழைக்காது. கானாமைசின் பிளாஸ்மிட்டுக்கு இந்த ஒரு மணி நேரத்தில் கைவைக்காதீர்கள்.

100 மைக்ரோ லிட்டரை எடுத்து ஆம்பிசிலின் தட்டில் பரப்புங்கள். பரப்பும் கம்பியை எத்தனாலில் நனைத்துச் சுடரில் காட்டியபின் முழுதாக ஆற விடுங்கள். எரிந்துகொண்டிருக்கும் கம்பியை எத்தனால் பீக்கருக்குள் திரும்ப விட்டால் மேசையே பற்றிக்கொள்ளும். மிச்சத்தை மெதுவாகச் சுழற்றி, 100 மைக்ரோ லிட்டரில் கரைத்து இன்னொரு தட்டில் பரப்புங்கள். லைகேஷன் என்றால் இந்த இரண்டாவது தட்டுதான் பெரும்பாலும் காப்பாற்றும். தலைகீழாக 37 டிகிரியில், 16 முதல் 18 மணி நேரம்.

கட்டுப்பாட்டுத் தட்டுகள்

புதியவர்கள் சிக்கனம் பிடிக்கும் இடம் இது. தட்டு வீணாகிறதே என்று விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், உங்கள் மாதிரித் தட்டைவிட இவையே முக்கியம். ஒவ்வொரு முறையும் மூன்று வேண்டும்.

ஒன்று, டிஎன்ஏ சேர்க்காத செல், ஆம்பிசிலின் தட்டில். இரண்டு, டிஎன்ஏ சேர்க்காத அதே செல், மருந்து இல்லாத தட்டில். மூன்று, அளவு தெரிந்த பியுசி19 சேர்த்த செல், ஆம்பிசிலின் தட்டில். மூன்றுமே ஐஸ், சூடு, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் உங்கள் மாதிரியோடு சேர்ந்து கடந்து வர வேண்டும்.

மறுநாள் காலையில் உங்கள் மாதிரித் தட்டைப் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்கள். முதல் தட்டில் காலனி இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை, அல்லது செல்லிலேயே ஏற்கெனவே ஒரு பிளாஸ்மிட் இருக்கிறது. அப்படியிருக்க மாதிரித் தட்டில் எத்தனை நூறு காலனி வந்தாலும் அதற்குப் பொருளில்லை. இரண்டாவது தட்டு முழுக்கப் பாய் விரித்ததுபோல் வளர்ந்திருக்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் செல்கள் வழியிலேயே செத்துவிட்டன; வாட்டர் பாத்தையும் ஃபிரீசரையும் சந்தேகியுங்கள். இரண்டாவது நன்றாக இருந்து மூன்றாவது காலி என்றால் செல் உயிரோடு இருக்கிறது, டிஎன்ஏ எடுக்கும் திறன்தான் போய்விட்டது. புதிய செல் தயாரிக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்து உங்கள் மாதிரி மட்டும் காலி என்றால் தவறு டிரான்ஸ்ஃபர்மேஷனில் இல்லை, லைகேஷனில்.

இந்த மூன்று தட்டும் இல்லாமல் ஒரு காலித் தட்டை வைத்துக்கொண்டு சீனியரிடம் போனால், அவராலும் யூகிக்கத்தான் முடியும்.

திறனைக் கணக்கிடுவது

மூன்றாவது தட்டை வைத்து எண்ணுங்கள். 0.1 நானோகிராம் பியுசி19 போட்டீர்கள், மொத்தம் ஒரு மில்லி லிட்டர் ஆனது, அதில் பத்தில் ஒரு பங்கைப் பரப்பினீர்கள். ஆக, தட்டுக்குப் போன டிஎன்ஏ 0.01 நானோகிராம். 150 காலனி வந்திருந்தால் ஒரு நானோகிராமுக்கு 15,000. ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம், எனவே மைக்ரோகிராமுக்கு ஒன்றரைக் கோடி காலனி. சொந்தமாகத் தயாரித்த கால்சியம் குளோரைடு செல்லுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை வந்தால் திருப்திப்படலாம். அன்றாடக் குளோனிங்குக்கு அது போதும். விலைக்கு விற்கும் செல்களில் பத்துக் கோடி, நூறு கோடி என்று போட்டிருக்கும். பிளாஸ்மிட்டை மறுபடி பெருக்குவதற்கு மட்டும் அவற்றை வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. மரபணு நூலகம் செய்பவர்களுக்குத்தான் அது தேவை.

அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: எலக்ட்ரோபொரேஷன். செல்களை உப்பே இல்லாத 10 சதவீதக் கிளிசராலில் பல முறை கழுவி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உள்ள கூவெட்டில் 1.8 கிலோவோல்ட் மின்துடிப்பு கொடுப்பது. நூறு கோடிக்கு மேல் போகும். ஆனால் டிஎன்ஏவில் உப்பு மிச்சம் இருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், பொறி, அந்த மாதிரி அதோடு சரி. லைகேஷனைச் சுத்தம் செய்யாமல் நேராகப் போடாதீர்கள்.

காலனியைத் தேர்ந்தெடுப்பது

18 மணி நேரத்துக்கு மேல் தட்டை விட்டுவிட்டால், பெரிய காலனிகளைச் சுற்றி ஊசிமுனை போலக் குட்டிக் காலனிகள் முளைத்திருக்கும். அவற்றை எடுக்கக் கூடாது. பிளாஸ்மிட் உள்ள செல் ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதியைச் செய்கிறது, அது வெளியே கசிகிறது, சுற்றிலும் மருந்து குறைந்த இடத்தில் பிளாஸ்மிட் இல்லாத செல்கள் வளர்ந்துவிடுகின்றன. ஆம்பிசிலினுக்குப் பதில் கார்பெனிசிலின் பயன்படுத்தினால் இது குறையும், விலைதான் கூட.

பியுசி19இல் உங்கள் துண்டை ஒட்டியிருந்தால் எக்ஸ்கால் என்ற நிறம் காட்டும் பொருள் சேர்த்த தட்டில் வெள்ளைக் காலனியை எடுக்க வேண்டும். துண்டு ஏறாத வெறும் பிளாஸ்மிட் நீலமாக வரும். வெள்ளையாக இருப்பதெல்லாம் சரியானது என்று எடுத்துக்கொள்ளாமல் நான்கைந்து காலனியைத் தனித்தனி டியூப்பில் ஆம்பிசிலின் சேர்த்த எல்பியில் வளர்த்து, பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, வெட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். சரியானது என்று தெரிந்ததும் அந்த வளர்ப்பில் 500 மைக்ரோ லிட்டரோடு 50 சதவீதக் கிளிசரால் 500 மைக்ரோ லிட்டர் கலந்து மைனஸ் 80இல் ஒரு ஸ்டாக் வைத்துவிடுங்கள். தட்டை நம்பி விட்டுவைக்காதீர்கள், ஃபிரிட்ஜில் சில வாரங்களில் காய்ந்துவிடும்.

கடைசியாகக் கழிவு. இவை மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள். தட்டு, டிப், மிச்ச வளர்ப்பு எதையும் சிங்கிலோ குப்பைத் தொட்டியிலோ போடாமல் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும். இந்தியாவில் மரபணு மாற்றிய உயிரிகளைக் கையாளும் நிறுவனங்களுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உயிரியல் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் புராஜெக்ட்டில் பியுசி19ஐத் தாண்டி வேறு உயிரியின் மரபணுவை ஒட்டப்போகிறீர்கள் என்றால், வேலை தொடங்கும் முன்பே அந்தக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.